ஓநாய்க்கு வெறி பிடிக்குமா

சமுத்திரம் அண்ணனுக்குக் காலையிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை, டம்ளரைப் பார்த்தாலே தொண்டையைப் பிடித்துக்கொள்கிறார் என்று அவர் மனைவி நாகஜோதி மதினி போனில் சொன்னாள். அவருடைய ஆட்டுக்கிடையைக் காக்கும் நாய்களுக்கு நானே ஆள் கூட்டிவந்து வெறிநோய் ஊசி போட்டிருந்தேன். எந்த நாய் கடித்தது என்று கேட்டேன். நாய் எதுவும் கடிக்கவில்லையாம். இரண்டு மாதத்துக்கு முன்னால் கையில் ஒரு காயம், முள் கிழித்தது என்றாராம்.

ஆட்டுக்காரர்களையும் ஓநாயையும் சண்டையில்லாமல் வாழவைப்பது என் உத்தியோகம். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். தளவாய்புரத்துப் பக்கம் கிடை கிடையாகப் போய், பட்டியைச் சுற்றி வலை கட்டுங்கள், ஓநாயை அடிக்காதீர்கள், அது மனுசனைத் தொடாது என்று வாய் வலிக்கப் பேசுவேன். என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள் சமுத்திரம் அண்ணன். மற்றவர்கள் ஓநாய் வளைக்குப் புகைபோடக் கிளம்பியபோது குறுக்கே நின்று தடுத்தவரும் அவர்தான்.

அந்தக் காயம் பட்ட வாரம்தான், சும்மா கேட்பதுபோல என்னிடம் கேட்டார். "ஓநாய்க்கும் வெறி பிடிக்குமா தாயி?"

சுற்றிலும் ஏழெட்டு ஆட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிடிக்கும். எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் மறுநாளே வளையில் புகை ஏறும் என்பதும் தெரியும். "அதெல்லாம் நாய்க்குத்தாண்ணே" என்று சிரித்து மழுப்பினேன். அவர் கையில் துண்டு சுற்றியிருந்தது. பார்த்தேன், என்னவென்று கேட்கவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் அவரைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். காற்றுப் பட்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். நடந்ததை அண்ணன் விட்டு விட்டுச் சொன்னார். விடியற்காலையில் ஓர் ஓநாய் ஆளைக் கண்டும் ஓடாமல் நின்றதாம், வாயில் ஆட்டுக்குட்டி. நான் சொன்னதை நினைத்துக் கம்பை ஓங்கவில்லையாம். கிடை நாய் குட்டியைக் கவ்வினால் தாடையை விலக்கி எடுப்பார்களே, அப்படியே கையை விட்டு எடுத்திருக்கிறார், பல் கிழித்துவிட்டது.

"வெளிய சொன்னா வளையோட எரிச்சிருவானுவ. நீதான் வெறி பிடிக்காதுன்னியே, பொறவு என்னன்னு விட்டுட்டேன்."

குரலில் துளி கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெளியே நாகஜோதி மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதாவது ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாரல்லவா என்று கேட்டாள். இல்லை மதினி, அப்போதே போட்டிருக்க வேண்டும், அவர் கேட்டபோது நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று நின்றேன்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தவள், "அவியகிட்ட இதச் சொல்லிராத. உன்னய நம்பித்தான் படுத்துக் கெடக்காவ" என்றாள்.

உள்ளே போனேன். நாலு நாளில் கிடைக்குத் திரும்பிவிடலாம் அண்ணே என்றேன். அவர் அதையும் நம்பினார்.