வாரம் ஓரடி பின்னால்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. காலை நீட்டிக்கொள்ளுங்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது ஒரு வேலையின் கதை. அந்த வேலை என்ன விலைக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மக்தலீனா திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குச் செத்துப்போனாள். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து புட்டுக்கு மாவு நனைத்தாள். அன்றைக்குத்தான் அவள் மகள் லின்சி வேலைக்குப் போகவேண்டிய முதல் நாள்.

செத்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொல்லத்திலிருந்து வந்த டாக்டர் மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். கோயில் ஊழியரான கபியார் மணியை ஐம்பத்தொரு தடவை அடித்தார், வயதுக்கு ஒன்றாக. காயல் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழியும் வெட்டியாயிற்று. பத்து மணி அடக்கத்துக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்த பங்குப் பாதிரியாரான அச்சன், பெட்டி காலியாக இருப்பதையும், மேலே போர்த்திய துணி மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருப்பதையும் பார்த்தார். சாயங்காலம் வேலையிலிருந்து மகளோடு திரும்பி வந்தவளிடம், "மக்தலீ, பதிவேட்டுல மையால எழுதியாச்சே, அதை அடிக்க எனக்கு அதிகாரமில்ல" என்றார். "அடிக்க வேண்டாம் அச்சோ, எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். நாலு மாசம் குடுங்க, வந்துடறேன்." "குழி மழையில நெறஞ்சிடுமே?" "மேல ஒரு தார்ப்பாய் போட்டு வைங்க." ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பிடித்துக்கொண்டிருந்ததால் அச்சன் அன்றைக்கே தார்ப்பாய் போடச் சொன்னார். ரேஷன் கடைக்காரர், செத்தவர்களுக்கு மண்ணெண்ணெய் கிடையாது என்று அட்டையில் அவள் பெயரை அடித்தார். நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

லின்சிக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்தது. நடை நாலு வயதில், பேச்சு ஏழு வயதில், எண்ணிக்கை பத்தோடு நின்றுவிட்டது. சிறப்புப் பள்ளியில் பதினெட்டு வயது வரைக்கும் வைத்துக்கொண்டார்கள். பதினெட்டு முடிந்த மறுநாள் கேட்டுக்கு உள்ளே விடவில்லை, சட்டம் அப்படி. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள். பள்ளி வேன் வீட்டைத் தாண்டிப் போகும்போது தினமும் கை காட்டினாள். அந்தப் பள்ளியின் சுலேகா டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. ஒன்பது மாதம் செருப்புத் தேய அலைந்து, ஓர் அண்டி ஆபீசில் இடம் பிடித்தாள். முந்திரித் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாலு மாதம் பார்ப்போம், தானாக உட்கார்ந்து தானாகத் தோலெடுத்தால் பெயரை எழுதிக்கொள்கிறோம், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த 'இல்லை'க்கு அந்தப் பக்கம் லின்சியின் சிற்றப்பன் ஃபெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தான். மலைப்பக்கத்தில் ஓர் இல்லம் இருந்தது. மதில் உயரம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டைத் திறப்பார்கள். அங்கே சொல்லி வைத்துவிட்டான். கெட்டவன் இல்லை அவன், பயந்தவன். "சேச்சி செத்தாச்சு. நாளைக்கு இவளை யாரு பாக்கறது? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றான்.

டீச்சரின் முறை எளியது. முதல் வாரம் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வாரம் ஓரடி பின்னால். மூன்றாவது வாரம் இன்னும் ஓரடி. இப்படியே, போகப் போக அடி நீண்டு, கொட்டகையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும். மக்தலீனா உயிரோடு இருந்தபோதே போட்ட திட்டம் இது. அவள் செத்துப்போனதால் அதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

தோலெடுக்கும் கொட்டகையில் நூற்றறுபது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செத்தவள் ஒருத்தி வந்து உட்கார்ந்ததும் முதல் இரண்டு நாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள், லின்சிக்குப் பக்கத்து இடத்துக்காரியும் ஊருக்கே வாய்க்காரியுமான சரசம்மா, "செத்தும் ஆபீசுக்கு வர்றியேடி, உயிரோட இருக்கற என் மருமக அடுப்படிக்கே வரமாட்டேங்கறா" என்றாள். கொட்டகை சிரித்தது, அதோடு தீர்ந்தது. மக்தலீனாவின் விரல்கள் குளிர்ந்திருந்ததால் அடுப்பறையிலிருந்து வரும் சூடான பருப்பு அவள் கையில் உடையவே இல்லை. லின்சியும் அம்மாவைப் பார்த்துப் பார்த்து, மற்றவர்கள் மூன்று எடுக்கும் நேரத்தில் ஒன்று எடுத்தாள். அந்த ஒன்று முழுசாக, வெள்ளையாக, கீறல் இல்லாமல் இருந்தது.

ஓரடி பின்னால் போனபோது மக்தலீனாவின் ஓரங்கள் மங்கின. நாலாவது அடியில் அவளுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரின் தேதி அவள் வழியாகத் தெரிந்தது. ஏழாவது அடியில் வாசற்படியில் நின்றாள், வெயில் அவளைச் சுற்றிப் போகாமல் ஊடாகவே உள்ளே வந்தது. தள்ளிப் போகப் போகக் கரைகிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பத்தாவது வாரம் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றாள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. சாப்பாட்டு மணி அடித்தது, லின்சி எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு டீ வந்தது, எழுந்திருக்கவில்லை. சின்னக் கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. விரல் நுனியின் தோல் போய், ஒரு தட்டுப் பருப்பு முழுக்கச் சிவந்த பிறகுதான் சரசம்மா பார்த்துக் கூச்சல் போட்டாள். மேற்பார்வையாளர் சுதர்மன் ஓடி வந்தார். "ரத்தம் பட்ட பருப்பை நான் கப்பல்ல ஏத்தவா? கூட்டிட்டுப் போங்க, தயவு செஞ்சு கூட்டிட்டுப் போங்க" என்றார்.

விஷயம் இதுதான். இருபது வருஷமாக லின்சி குளிக்கும்போதும் சோறு உண்ணும்போதும் முற்றம் பெருக்கும்போதும், பின்னாலிருந்து பிடரியில் இரண்டு விரலை வைத்து "போதும் மோளே" என்று சொன்னது அம்மாதான். அந்தச் சொல் வந்தால் நிற்பாள், வராவிட்டால் நிற்கமாட்டாள். மக்தலீனா மகளுக்கு எல்லாவற்றையும் ஆரம்பிக்கக் கற்றுக் கொடுத்திருந்தாள். நிறுத்துவதை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கூச்சல் கேட்டு அவள் அத்தனை தூரத்தையும் ஒரே ஓட்டமாகக் கடந்து உள்ளே வந்தாள். மகளின் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைத் துணியால் சுற்றினாள். சுற்றச் சுற்ற அவளுக்கு உடம்பு திரும்பி வந்தது. காலண்டர் மறைந்தது, வெயில் அவள் முதுகில் சுட்டது. அப்போது அவள் மனதுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இவள் கற்றுக்கொள்ளாவிட்டால் நான் இப்படியே இருந்துவிடலாம், இந்தத் தலையின் எண்ணெய் வாசனையோடு, இன்னும் முப்பது வருஷம். அந்தச் சந்தோஷத்தை அவள் முழுசாக ஒரு சாயங்காலம் வைத்திருந்தாள், செல்லங்களே. அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் டீச்சர் வந்து சுதர்மனிடம் மன்றாடி மிச்ச நாட்களை வாங்கினாள். பிறகு மக்தலீனாவிடம் வந்தாள். "சேச்சி, அந்த வார்த்தையை இந்த சரசம்மாகிட்ட குடுத்துடுங்க." "என் குழந்தைகிட்ட போதும்னு சொல்ல இவங்க யாரு?" "நாளைக்குப் பக்கத்துல இருக்கப்போறவங்க. நீங்க இருக்கப்போறீங்களா?" மக்தலீனா சரசம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஃபெலிக்ஸ் அந்த வாரமே இல்லத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தான்.

சரசம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. முதல் நாள் அவள் "போதும்!" என்றதும் நாலு வரிசைக்காரிகள் கத்தியைக் கீழே போட்டார்கள், லின்சி மட்டும் போடவில்லை. "கோழியை வெரட்டற மாதிரி சொல்லாதீங்க சேச்சி. மொதல்ல விரலை வைங்க. அவ கழுத்து லேசா இளகும். அப்புறமா சொல்லுங்க" என்றாள் மக்தலீனா. "என் புருஷன்கிட்டகூட நான் இவ்ளோ மெதுவா பேசினதில்லையேடி." "அதான் அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்" என்றாள் பின்வரிசைக்காரி. பன்னிரண்டாம் நாள் சரசம்மா இரண்டு விரலை வைத்தாள், காத்திருந்தாள், சொன்னாள். லின்சி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

கொடுத்த சொல் கொடுத்தவளிடம் இல்லாமல் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் லின்சி தலையில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். மக்தலீனா வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. பிடரியில் விரலை வைத்தாள், விரல் தண்ணீரைப்போல வழிந்து போயிற்று. முப்பது வாளி, நாற்பது வாளி. லின்சியின் உதடு நீலமாயிற்று. பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள், அம்மா நிற்குமிடத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் கையையே தூக்கித் தன் பிடரியில் வைத்துக்கொண்டு, "போதும் மோளே" என்று சொன்னாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். மக்தலீனா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை சந்தோஷமா துக்கமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாலாவது மாதக் கடைசியில் சுதர்மன் வருகைப் புத்தகத்தில் லின்சி என்று எழுதினார். இரண்டு வீடு தள்ளியிருந்த சரசம்மா, மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு பாயும் தலையணையுமாக லின்சியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஃபெலிக்ஸ் எழுதிய கடிதத்தை இன்னொரு கடிதம் போட்டுத் திருப்பி வாங்கினான். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மக்தலீனா தானே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து வந்து, குழியருகே வைத்திருந்த பெட்டிக்குள் படுத்துக்கொண்டாள். வந்ததைக் கண்டது அச்சனும் கபியாரும்தான், அவர்களுக்கும் ஈரப் புல்லில் காலடி விழுந்ததுதான் தெரிந்தது. பெட்டியைத் தூக்கிய நாலு பேர், உள்ளே ஒரு வெள்ளை முண்டு அளவுதான் கனம் இருந்தது என்றார்கள்.

ஆபீசிலிருந்து அன்றைக்கு லின்சிக்கு விடுமுறை சொல்லியிருந்தார்கள். விடுமுறை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியில் போட்டாள், கையைப் பாவாடையில் துடைத்தாள். அவள் தினமும் ஏறும் ஏழு பத்து மணி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. லின்சி குழியைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், நடக்க ஆரம்பித்தாள். ஜெபம் பாதியில் இருந்தது. ஃபெலிக்ஸ் பிடிக்கப் போனான், சரசம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. பஸ் போயிடும்." அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க லின்சி படிக்கட்டில் ஏறினாள், கம்பியைப் பிடித்தாள், காலி இடம் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அச்சன் பதிவேட்டில் முதல் தேதிக்குக் கீழே இரண்டாவது தேதியையும் மையால் எழுதினார். ஒருத்திக்கு எப்படி இரண்டு தேதி என்று இன்றுவரை அந்தப் பங்கில் யாரும் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்புகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கட்டும், செல்லங்களே. சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது உலையில் சோறு வெந்திருக்கட்டும்.