பிரான்ஸுக்கு நீல நிறம்

1

இந்தக் கதை ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 கோடை, டெக்சஸின் காப்பெல். என் அக்கா மெஹர் நிஷா (எங்கள் வீட்டில் லாத்தா) மாஸ்டர்ஸ் படிப்புக்காக, ஐரோப்பிய நாடுகள் மருத்துவத்துக்குச் செலவிடுவதை வருடவாரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாட்டுக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு நிறம். பிரான்ஸுக்கு நீலம் கொடுத்தது நான்.

2

முதல் வரி: "ஐரோப்பாவில் பனி பெய்துகொண்டிருந்தது."

(அடித்துவிட்டேன். ஐரோப்பாவை நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் பார்த்ததோடு சரி. அங்கே காய்ச்சல்காரனின் வீட்டுக்கே டாக்டர் கோட்டிலிருந்து பனியை உதறியபடி வருவார். ஃபீஸை யார் கொடுத்தார்கள் என்று நான் படித்த எந்த நாவலும் சொன்னதில்லை.)

மறுபடியும்: லாத்தாவின் கணவர் நூர் மச்சானுக்கு வேலை போனது. கூடவே இன்ஷூரன்ஸும். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கத் தொடங்கியது.

3

"கார்டியாலஜிஸ்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடவா?" என்றாள் லாத்தா.

"வேணாம் நிஷா. டிசம்பர்ல ஊருக்குப் போறோம்ல? பல்லு, கண்ணு எல்லாத்தோடயும் சேத்துப் பாத்துக்கலாம்."

"நெஞ்சு என்ன பல்லா, டிசம்பர் வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்க?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "என்ன கொழுந்தியா, உங்க ஐரோப்பாவுலயும் வெயிட்டிங் லிஸ்ட் இருக்காமே?"

"இருக்கு," என்றாள் லாத்தா. "அதுக்கு ஃப்ளைட் டிக்கெட் எடுக்க வேணாம்."

(அடிக்குறிப்பு: அப்போது காப்பெலில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் ஒரு டிசம்பர் நோய் இருந்தது. அதையும் சூட்கேஸில் வைத்துத்தான் ஊருக்குக் கிளம்புவோம்.)

4

மச்சானை வெறும் பிடிவாதக்காரராக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம். அவர் தினமும் எங்கள் இருவருக்கும் டீ போட்டுத் தந்து, "ஸ்வீடன் எங்க வந்திருக்கு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிப்பார். எல்லா நாட்டுக் கோடும் மேலேதான் போயிருக்கிறது என்றால், "பரவால்ல, நம்ம மேல்மூச்சு மாதிரி," என்பார்.

5

அந்தச் சனிக்கிழமை வானம்

(வேண்டாம், வானம் எதற்கு?)

அந்தச் சனிக்கிழமை லாத்தா கார் சாவியோடு வாசலில் நின்றாள். "எமர்ஜென்சிக்குப் போறோம். பில் வரட்டும், பாத்துக்கலாம். எந்திரிங்க."

"இப்ப வலியே இல்லம்மா."

"எந்திரிங்கன்னேன்."

மச்சான் சோபாவில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டினார். இன்னொன்றைக் கையில் எடுத்தவர், "டிசம்பர் பக்கத்துலதானே இருக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதை அவர் மாட்டினாரா, மாட்டியதையும் கழற்றிவிட்டுப் படுத்தாரா என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. இந்த வரியில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வரி உங்களுடையது. தயவுசெய்து அவரைக் காரில் ஏற்றுங்கள்.