மூடியில் கட்டாத துணி

“பத்தாவதைக்கூடத் தாண்டாதவ, நோட்டுல அப்படி என்னத்தடி எழுதிக் கிழிக்கிற?” என்று அண்ணி ஒருநாள் கேட்டாள். நான் நோட்டை மூடி வைத்தேன். அவளே எடுத்துப் படித்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணனின் நண்பர்கள் சாப்பிட வந்த அன்று, நோட்டைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னபோது எனக்கு நாக்கு எழாமல் போனதும், நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்ததும், அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடப் பக்கமே போகாததும் எழுதியிருந்த பக்கம். சிரித்தவர்கள் எல்லோருடைய வாயிலும் நான் செய்த டம்ப்ளிங் இருந்தது.

அவர்கள் போன பிறகு அண்ணன் சத்தம் போட்டான். “உங்க தலைமேல சத்தியமா இனி அதத் தொட மாட்டேங்க” என்றாள் அண்ணி. அவன் நம்பினான். நான் நோட்டின் மேல் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தால் முடி இருக்காது.

தாய்லாந்து டம்ப்ளிங்கை அண்ணி செல்போனில் பார்த்தாள், அவ்வளவுதான். கற்றுக்கொண்டது நான். கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு மூன்றையும் இடித்து, கொத்துக்கறியோடும் இறாலோடும் கை ஒட்டும்வரை பிசைவேன். மாவுத் தாளைக் கட்டைவிரல் வளைவில் வைத்து, கறியை அழுத்தி, வாய் திறந்தபடியே நிறுத்துவேன். ஆவியில் வெந்ததும் வறுத்த பூண்டைத் தூவிப் படம் எடுப்பது அண்ணியின் வேலை.

அந்தப் படமும் அவள் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு டப்பாவும் காபிக் கடைக்கார அம்மாவுக்குப் பிடித்துவிட்டன. “ஞாயித்துக்கிழமை வர்றேன். என் கண் முன்னாடி செஞ்சு காட்டுங்க. சரியா இருந்தா கடை அடுப்பு உங்க பொறுப்பு” என்றார்.

“அன்னிக்கு நீ அடுப்புப் பக்கமே வராத. பேய் மாதிரி முழிச்சிக்கிட்டு நிப்ப” என்றாள் அண்ணி. எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்கவில்லை. எங்கே பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும்.

நோட்டில் நான் எழுதி வைத்திருந்த டம்ப்ளிங் செய்முறைப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நிறுத்தி நிதானமாக, நல்ல கையெழுத்தில் புதிதாக எழுதினேன். தட்டில் எண்ணெய் தடவக் கூடாது. மூடியில் துணி கட்டக் கூடாது. முழுத் தீயில் அரை மணி நேரம். மேலே ஒரு முடியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது முடி இல்லை. நெடுநாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கதவோரம் நின்றேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“தட்டுல எண்ணெய் தடவலியாம்மா?” என்றார் அடுப்பருகே நின்ற கடைக்கார அம்மா.

“இதுக்குத் தடவக் கூடாதுங்க” என்றாள் அண்ணி, பிறந்ததிலிருந்தே தெரிந்தவள்போல.

அரை மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கினாள். மூடியில் கோத்திருந்த நீர் சடசடவென்று கொட்டியது. மாவு நனைந்த காகிதமாகக் குழைந்திருந்தது. கரண்டியால் எடுத்தால் அடி தட்டிலேயே ஒட்டிக்கொண்டது, கறி மட்டும் கோலிக்குண்டாக உருண்டு வந்தது. கடைக்கார அம்மா ஒன்றைக் கடித்துவிட்டுத் தட்டோரம் வைத்தார்.

“பத்து நிமிஷத்துல வெந்துடுமேம்மா. இப்படிச் செய்யச் சொல்லி யாரு சொன்னது?”

அண்ணியின் முகம் என் பக்கம் திரும்பியது. “இவதான்! நோட்டுல இப்படித்தான் எழுதியிருந்தா. வேணும்னே எழுதியிருக்கா, ஊமைக்கோட்டான்!”

அண்ணன் தலையைத் தூக்கினான். “எந்த நோட்டுல?”

அண்ணியின் வாய் திறந்தபடியே நின்றது. நான் மடிக்கும் டம்ப்ளிங்போல.

“அப்போ, அன்னிக்கு டப்பாவுல வந்தது நீ செஞ்சதா கண்ணு?” என்றார் கடைக்கார அம்மா.

வகுப்பில் வந்த அதே கனம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. நான் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து எண்ணெய் தடவினேன். துணியை நனைத்துப் பிழிந்து, மூடியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். அண்ணியை நேராகப் பார்த்தேன். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை. வறுத்த பூண்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, எதன்மேல் தூவுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் எழுந்தான். சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். அவன் தன் உச்சந்தலையை ஒருமுறை தடவிக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, அவளையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், படியிறங்கிப் போனான்.