தொட்டியில் கரைந்த மாத்திரைகள்

எலுவியாவின் சாட்சி செவ்வாய்க்கிழமைதோறும் சபை வானொலியில் ஒலிபரப்பாகும். ஷேலா நகரத்தில் பாதிக் கடைகளில் அந்த வானொலிதான் பாடிக்கொண்டிருக்கும் என்பதால், சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனாலும் அவள் குரல் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். "இருள் என்னை விட்டு ஓடிப்போச்சு! எனக்கு மாத்திரை வேண்டாம், இயேசு போதும்!" என்று அது முழங்கும். தொடர்ந்து சபையே கைதட்டும். அதைக் கேட்கும்போதெல்லாம் எலுவியா தலையைக் குனிந்துகொள்வாள். பார்க்கிறவர்கள் அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் சாட்சி என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. பிரசங்கத்தில் கொட்டாவி விடுகிறவர்கள்கூட சாட்சி நேரம் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் கண்ணீர், பிறகு கர்த்தர், கடைசியில் வெற்றி. வெற்றிக்கு வந்து சேராத சாட்சியை மேடையில் யாரும் கேட்டதில்லை; அப்படிப்பட்டவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். போன வருஷம் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று ரொட்டிக்கடை எலுவியா மேடையேறினாள். புருஷன் இறந்ததிலிருந்து தன்னைப் பிடித்திருந்த மனச்சோர்வைப் பற்றிச் சொல்லி அழுதாள். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை எல்லோரும் பார்க்க ஞானஸ்நானத் தொட்டிக்குள் கொட்டினாள். தண்ணீர் சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளுத்தது, சபை ஆர்ப்பரித்தது. மறுநாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிய டீக்கன் மட்டும் முணுமுணுத்தார். அவரை யார் கேட்டார்கள்?

அன்றைக்கு அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நெஞ்சு லேசாக இருந்தது. ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் பழைய சோர்வு திரும்பி வந்துவிட்டது. மாவில் வைத்த கை வைத்தபடியே நிற்கும். வாடிக்கையாளர் கேட்டது காதில் விழும், பதில் சொல்லத் தோன்றாது. உபவாசம் இருந்து பார்த்தாள், முழங்கால் வீங்க ஜெபித்துப் பார்த்தாள். கடைசியில் பஸ் ஏறி, தன்னை ஒருவருக்கும் தெரியாத தொத்தோனிகப்பான் ஊருக்குப் போய் வேறொரு டாக்டரைப் பார்த்தாள். அது முதல் தினமும் காலையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, திருடியைப் போல மாத்திரையை விழுங்கி வந்தாள்.

இதற்கிடையில் பாஸ்டர் அவளை மனம் சோர்ந்தவர்களுக்கான கூட்டத்துக்குத் தலைவியாக்கிவிட்டார். வியாழன் மதியம் பெண்கள் வந்து உட்காருவார்கள். தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய கதையை எலுவியா வாசிப்பாள். அக்கினி இறங்கி, மழையும் பெய்ததும் வேதத்தை மூடிவிடுவாள். அடுத்த அதிகாரத்தில் அதே எலியா என்ன ஆனான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மூடினாள்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் டெல்ஃபினா வந்தாள். பிக்அப் ஓட்டுகிற அப்தியாஸின் மனைவி. குழந்தை பிறந்தபின் அவளுக்கு அழுகை நிற்காமல், ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் எலுவியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், உங்க சாட்சிய ரேடியோல கேட்டேன். என் மாத்திரைய எல்லாம் நானும் கொட்டிட்டேன். உங்கள மாதிரியே."

எலுவியா அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பெண்கள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை.

"ஸ்தோத்திரம்" என்றாள்.

பிறகு டெல்ஃபினா வருவது நின்றுபோனது. எலுவியா விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வருமே என்கிற பயம்தான்.

அந்தப் பதில் ஒருநாள் காலையில் கடைவாசலுக்கே வந்து நின்றது. அப்தியாஸ் முகம் கழுவாமல் வந்திருந்தான்.

"சிஸ்டர், கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. டெல்ஃபினா எந்திரிக்கவே மாட்டேங்குறா. புள்ளையத் தூக்கல. 'நான் இல்லாட்டி நீங்கள்லாம் நல்லாருப்பீங்க'ன்னு சொல்றா. எனக்குப் பயமாருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"அம்மாதான் வேணாம்னுட்டாங்க. எலுவியா சிஸ்டர் வந்து ஜெபிச்சா போதும்னாங்க."

அவனுடைய அம்மா ஒட்டிலியா, சபை வாசலில் நின்று பெண்களை வரவேற்று உட்காரவைக்கிறவர். யார் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. எலுவியாவைப் பார்த்ததும் துணி வாங்கப் போனவர் கடை திறந்திருக்கக் கண்டதுபோல மலர்ந்தார்.

"வாங்க சிஸ்டர். நல்லா அதட்டி ஜெபிங்க. இவளுக்கு விசுவாசம் பத்தல, அவ்ளோதான்."

டெல்ஃபினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தை பக்கத்து அறையில் கத்திக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் சோளக்கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எலுவியா உட்கார்ந்ததும் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப சிஸ்டர் அந்த சந்தோசம் வந்துச்சு? நீங்க செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன். நான் எங்க தப்பு பண்ணேன், சொல்லுங்க."

எலுவியாவின் கை பழக்கத்தில் கர்மேல் மலைப் பக்கத்தைத் திறந்தது. பிறகு ஒரு தாளைப் புரட்டியது. ஒரு வரி வாசித்தாள். வாசிப்பை விட்டுவிட்டுக் கதையாகச் சொன்னாள்.

"அக்கினிய எறக்குனான்ல எலியா, அவன் மறுநாளே உசுருக்குப் பயந்து ஓடிட்டான்மா. வனாந்தரத்துல ஒரு செடிக்கடியில உக்காந்து, 'போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கோங்க'ன்னுட்டான். கர்த்தர் அவன அதட்டல. உனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லல. தூதன் வந்து தட்டி எழுப்பி அடையும் தண்ணியும் குடுத்தான். தின்னுட்டுத் தூங்குனான். மறுபடியும் எழுப்பிக் குடுத்தான். ஒனக்குப் போற வழி ரொம்ப தூரம், சாப்பிடுன்னான். அவ்ளோதான் நடந்துச்சு."

"இத நீங்க கூட்டத்துல வாசிச்சதே இல்லையே."

"வாசிக்கல. வெக்கமாருந்துச்சு."

எலுவியா கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"இது என்னோடது. தினமும் போடறேன்."

வாசலில் நின்ற ஒட்டிலியா, "என்னது?" என்றார். எலுவியாவுக்குக் காதுமடல் வரை சுட்டது. ஆடை அவிழ்ந்து தெருவில் நின்றால்கூட இப்படிக் கூசியிருக்காது. டெல்ஃபினா மெதுவாகத் திரும்பினாள். கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது.

"எப்பலேர்ந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"அப்ப நான் வந்து கொட்டிட்டேன்னு சொன்னப்ப?"

"அன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

டெல்ஃபினா எழுந்து உட்கார்ந்தாள். "போட்டுட்டு வந்து, எங்கிட்ட ஸ்தோத்திரம்னீங்க. நேத்து நான் படுத்துக்கிட்டு என்னென்ன யோசிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மன்னிச்சுரும்மா."

"மாட்டேன்."

ஒட்டிலியா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ஊர்க்கதை சொல்லியே நாக்கு தேய்ந்தவர், இப்போது குரலைத் தாழ்த்தினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இது இந்த வீட்டோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா சபைக்குத்தான் அசிங்கம். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் சிஸ்டர்."

அதைக் கேட்டதும் எலுவியாவின் தோள் தளர்ந்து இறங்கியது. அவளையும் அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

"பாருங்க, மொகத்துல எவ்ளோ நிம்மதி!" என்றாள் டெல்ஃபினா.

எலுவியாவால் தலையைத் தூக்க முடியவில்லை. ஒருத்தி சாகக் கிடக்கிற அறையில், தன் பெயர் கெடாது என்று தெரிந்ததும் நிம்மதியாக மூச்சு விட்ட தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை. அந்த அட்டையைப் பார்த்து டெல்ஃபினா, "எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள்.

"என்னோடது உனக்கு ஆகாதும்மா. உன் டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். இப்பவே போகணும்."

"போறதாவது, நான் இருக்கறப்பவா?" என்று ஒட்டிலியா தொடங்கினார். அப்தியாஸ் வண்டிச் சாவியை எடுத்திருந்தான்.

"அம்மா, தள்ளுங்க. புள்ளையப் பாத்துக்கங்க" என்றான்.

எலுவியாவும் பிக்அப்பில் ஏறினாள். வழி முழுக்க டெல்ஃபினா அவளோடு பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "உங்கள மாதிரி கொட்டுனவ நான் ஒருத்திதானா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை எலுவியா சாட்சி சொல்ல நேரம் கேட்டாள். பாஸ்டர் சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார். வானொலிக்குப் புதுசாக ஒன்று கிடைத்தது என்று ஒலிப்பதிவு அறைக்குக் கையும் காட்டினார்.

"நான் தொட்டியில கொட்டுன மாத்திரைய மறுபடி வாங்கிப் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். "இருள் திரும்ப வந்துச்சு. உங்ககிட்ட மறைச்சேன். என்னப் பாத்து யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு. எலியாகிட்டயே கோவிச்சுக்கல."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர் கண்ணாடிக்குப் பின்னால் எதையோ அணைத்தார். பாஸ்டர் மைக்கை வாங்கி, "நம்ம சிஸ்டர் விசுவாசத்துல தளர்ந்துட்டாங்க, அவங்களுக்காக ஜெபிப்போம்" என்றார்.

"தளரல பாஸ்டர், பொய் சொன்னேன். அதுக்காக ஜெபிங்க."

மைக் இல்லாமல் சொன்னாலும் கடைசி வரிசைவரை கேட்டது. ஜெபம் என்னவோ நடந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், இடம் போதாததுபோல நகர்ந்துகொண்டார்கள். கன்னம் எரிய எரிய அவள் ஆராதனை முடியும்வரை எழுந்து போகாமல் இருந்தாள்.

வெளியே வந்தபோது ஒட்டிலியா வாசலில் வழக்கமான இடத்தில் நின்றார். மற்றவர்களுக்குக் கை கொடுத்தவர் இவளுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே சொன்னார்.

"காலைல முட்டையும் பீன்ஸும் சாப்ட்டா. புள்ளையத் தூக்குனா. நீங்க கேட்டா சொல்லச் சொன்னா."

"சிஸ்டர்…" என்று எலுவியா ஒட்டிலியாவின் கையைப் பிடிக்கப் போனாள்.

ஒட்டிலியா கையை இழுத்துக்கொண்டார். "உங்கள இன்னும் மன்னிக்கலையாம். அதையும் சொல்லச் சொன்னா."