கடன் கேட்ட வீடு

பீடோங் பட்டணத்துக்கு வெளியே, பெரிய வாய்க்காலை ஒட்டி வரிசையாகப் பலகை வீடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று ரோசம்மாவுடையது. 1983-இல் பெய்த மழையில் அவள் வீட்டுத் தகரக் கூரை இற்றுப்போய், படுக்கை நனையும்படி ஒழுகியது. கணவர் சிரில் லாரியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவர், கோலூன்றித்தான் நடப்பார். கூரை ஏற அவரால் முடியாது. ரோசம்மா சீனர் வீடுகளில் துணி துவைத்துக் கொண்டுவரும் பணம் அரிசிக்கே சரியாக இருந்தது.

வீட்டைப் பழுதுபார்க்க மாவட்ட மன்றம் கடன் தருகிறது என்று பூசை முடிந்து வரும்போது கேள்விப்பட்டாள்.

"வேணாம் லா," என்றார் சிரில். "ஆபீஸ்காரன உள்ள விட்டா கூரைய மட்டுமா பாப்பான்?"

"ஒழுகுறது ஒங்க தலையிலயும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் மனுப் போட்டாள்.

பார்வையிட வந்தவர் பரஞ்சோதி என்ற இளைஞர். மரியாதையானவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கூரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு பின்பக்கச் சமையல்கட்டுக்குப் போய் நாடாவைப் பிடித்து அளந்தார்.

"அக்கா, ஒங்க குசினி வாய்க்காலுக்கு ஒதுக்குன ரிசர்வ் நெலத்துல நிக்குது. அத இடிச்சாத்தான் லோன்."

அந்தக் குசினி சிரில் தன் கையால் கட்டியது. தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தை உடைத்தபோது பலகைகளைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்து சேர்த்தார். இடுப்பு நன்றாக இருந்த காலம் அது.

"அப்ப லோன் வேணாம் தம்பி. ஒழுகட்டும்."

"இனிமே முடியாதுக்கா. அளந்து எழுதியாச்சு. லோன் எடுத்தாலும் எடுக்காட்டியும் இடிக்கணும்."

"இங்க எல்லா வீட்டுக் குசினியும் அங்கதானே நிக்குது?"

"அவங்க யாரும் லோன் கேக்கலையே." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க மேல நீங்க ஒரு கம்ப்ளேன் எழுதிக் குடுங்க. அவங்க குசினியையும் அளந்து பாக்கலாம்."

பக்கத்து வீட்டுச் சம்சியாவின் குசினியில் மீன் பொரியும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கைக்குழந்தை வேறு.

"எனக்கு எழுதத் தெரியாது," என்றாள் ரோசம்மா. தெரியும். தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் அவள்.

குசினியைப் பிரிக்க சிரில் யாரையும் விடவில்லை. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். உதவ வந்த ரோசம்மாவின் கையைத் தட்டிவிட்டார்.

புதுத் தகரம் வந்து இறங்கிய அன்று சம்சியா வேலியருகே வந்து நின்றாள்.

"ஆபீஸ்காரன இங்க கூட்டியாந்தது நீதானேக்கா? நாளைக்கு எங்க குசினியையும் இடிக்கச் சொல்லுவான். ஒனக்கென்ன, கூரை வந்துடுச்சு."

"நான் ஒன்னும் சொல்லல சம்சியா."

"சொல்லாமயா ஒனக்கு மட்டும் லோன் குடுத்தான்?"

அன்றிலிருந்து அந்த வரிசையில் யாரும் ரோசம்மாவோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டால் வாளியை நகர்த்திக்கொண்டார்கள். அவர்கள் குசினிகளை யாரும் வந்து அளக்கவும் இல்லை.

அடுத்த பெரிய மழை ஒரு மதியத்தில் வந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து ரோசம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புகை போக வழியில்லாமல் அறை முழுதும் மண்டியது. சிரில் இருமினார். பல நாள் கழித்து அவளிடம் வாய் திறந்தார்.

"மழ உள்ள வரல. சந்தோஷமா?"

கண் எரிச்சலோடு அவள் சோற்றைத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.