குன்றின் மேல் கேட்ட பங்கு

முத்து முகம்மதுவை மலாயாவின் ஈப்போ கடைத்தெருவில் நியாயஸ்தர் என்றுதான் சொல்வார்கள். துணியை முழம் போடும்போது விரற்கடை அளவு கூடுதலாக விட்டுத்தான் கத்தரி வைப்பார். அப்படிப்பட்டவர் ஆறு வருஷமாக ஒரு விஷயத்தைத் தன் மனைவியிடம் மறைத்து வந்தார் என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

மனைவி குல்ஜார் பேகம் நாகூர்க்காரி. கல்யாணமான மூன்றாம் மாதமே அவர் சபர் கிளம்பிவிட்டார். கடல் கடந்து பிழைக்கப் போவதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். போகிறவன் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, நாலு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறுவான். பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பாள். ஊர் வழக்கம் அது, யாரும் குறை சொல்வதில்லை. முத்து முகம்மது கூடுதலாக ஒரு காரியம் செய்தார். ஈப்போவில் நஸீரா என்ற பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டு, குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையின் அடியில் குடிவைத்தார். மைமூன் என்று அவர்களுக்கு நாலு வயசில் ஒரு பெண் குழந்தை.

மார்க்கம் அனுமதித்ததுதான். ஆனால் இருவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அதை நம் ஆள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு டஜன் பீங்கான் கோப்பை வாங்கினால் ஆறு குனோங் ராபாட்டுக்கு, ஆறு நாகூருக்கு. பாத்தேக் கைலி ஒரு ஜோடி எடுத்தால் இங்கே ஒன்று, கப்பலில் ஒன்று. உண்மையை மட்டும் ஒருத்திக்கு முழுசாகச் சொல்லிவிட்டு, இன்னொருத்திக்கு ஒரு துளிகூடக் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு உறுத்தியபோதெல்லாம் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

அதற்குள் நாகூரில் அவள் உம்மா மௌத்தாகி, துணையற்றுப் போன குல்ஜாரே புறப்பட்டு வந்துவிட்டாள். வந்து இரண்டு மாதமாகக் கடை மாடியில் இருக்கிறாள். அன்றிலிருந்து முத்து முகம்மது படாதபாடு பட்டார். பாசாரில் மீன் வாங்கினால் நடுவில் வெட்டச் சொல்வார். ஒரு வாரம் தலைப்பக்கம் மாடிக்கு வந்தால் அடுத்த வாரம் வால்பக்கம் வரும். பலாப்பழம் பாதியாக வந்தது. அவரும் பாதியாகத்தான் வந்தார். ஓர் இரவு மாடியில், மறு இரவு சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டங்களில் யாவாரம் என்று சொல்லிவிட்டுக் குனோங் ராபாட்டில்.

இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டது. இரவுகளைப் பிரிக்கலாம், மீனைப் பிரிக்கலாம். தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்கிற ஹஜ்ஜுப் பெருநாள் காலை வருஷத்தில் ஒன்றுதான். அன்றைக்கு எந்த வீட்டுப் படியேறுவது? அதற்குமேல் மறைக்க வழியில்லை. சொன்னால் குல்ஜார் பினாங்குத் துறைமுகத்துக்குப் போய் ஊருக்கு அடுத்த கப்பலைப் பிடித்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். சாதாரணப் பயமில்லை, சோறு இறங்காத பயம். அவளை அவருக்குப் பிடிக்கும். நாலு நாலு மாதமாக வாழ்ந்தாலும் பிடிப்பு என்னவோ முழுசாகத்தான் இருந்தது.

மாடியில் வைத்துச் சொல்ல முடியாது. பலகைத் தரை, இடுக்கு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கீழே கடையாட்கள் காதில் விழும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அசர் தொழுததும், "வா புள்ளே, புக்கிட் மேல கவர்மெண்டு பூந்தோட்டம் போட்டிருக்கான். பாத்துட்டு வரலாம்" என்று குதிரைவண்டி பேசிக் கூட்டிப்போனார்.

ஊர் ஓரத்தில் தனியாக நின்ற குன்று அது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். செம்மண் பாதை குன்றைச் சுற்றிச் சுற்றி மேலே போகும். இரண்டு பக்கமும் கல்வாழையும் காகிதப்பூவும். சீனக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை மாட்டிக் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி தன் நாயை அவிழ்த்து விட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். குல்ஜார் வெள்ளைத் துப்பட்டியை முகத்தோடு இழுத்துப் பிடித்தபடி நிதானமாக ஏறினாள்.

முதல் வளைவில் சொல்லிவிடுவது என்று முத்து முகம்மது முடிவு செய்திருந்தார். முதல் வளைவு வந்ததும், "இது அங்சானா மரம். பூத்தா ஒரே நாள்தான், மறுநாள் எல்லாம் தரையில" என்றார். மரத்தடியில் புந்தோங் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வரும் ராக்காயி என்ற பெண் உதிர்ந்த மஞ்சள் பூக்களைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும், ஆள் இருக்கிறது, இங்கே சொல்லக் கூடாது என்று அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது. இரண்டாம் வளைவில் ஆள் யாரும் இல்லை. "மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். அவளுக்கு வாங்கவில்லை. அவருக்குத்தான் வாங்கியது.

அதற்கடுத்த வளைவில் வாயைத் திறந்துவிட்டார். "குல்ஜாரு."

"சொல்லுங்க மச்சான்."

"இந்தப் பூவெல்லாம் பறிக்கக் கூடாது. அபராதம் போடுவான்."

"நான் பறிக்கலையே" என்றாள் அவள்.

உச்சியில் புல்தரையும் ஒரு மரப்பலகை இருக்கையும் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். ரயில் ஸ்டேஷனின் வெள்ளைக் கும்மட்டம், கிந்தா ஆறு, ஈயச் சுரங்கங்களின் மணல் மேடுகள், அவற்றுக்கு அப்பால் வரிசையாகச் சுண்ணாம்பு மலைகள். முத்து முகம்மது ஒவ்வொன்றாகக் காட்டினார். வியாபாரி அல்லவா, சரக்கை விரித்துக் காட்டுகிற வரைக்கும் நாக்கு தடையில்லாமல் ஓடும். பள்ளிவாசலைக் காட்டினார், பாசாரைக் காட்டினார், தங்கள் கடையின் ஓட்டுக் கூரையைக்கூடத் தேடிப்பிடித்துக் காட்டிவிட்டார். காட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்றானதும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம வீடு தெரிஞ்சுது. அவ வீடு எந்தப் பக்கம்?" என்று குல்ஜார் கேட்டாள்.

தெரியாதவர்போல் நடிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"யாரு சொன்னா?"

"நீங்கதான். டஜன் கோப்பை வைக்கிற பெட்டி. வைக்கோல்ல பன்னெண்டு குழி இருக்கு, ஆறு கோப்பை வருது. ஒரு தடவைன்னா உடைஞ்சிருக்கும்னு நெனைக்கலாம். வருஷா வருஷமா உடையும்? இங்க வந்தா மீன் பாதி, பழம் பாதி. தோட்டத்து யாவாரம்னு கிளம்புறீங்க, துணி மூட்டை மாடியிலயே கெடக்கு."

மூட்டையை மறந்தது நினைவுக்கு வந்து முத்து முகம்மது கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் தன்னைக் காப்பாற்றுவதாக நம்பியிருந்த அந்தச் சரிபாதியே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது என்று புரிந்தது. அநியாயக்காரனாக இருந்திருந்தால் மாட்டியிருக்க மாட்டார்.

"நாகூர்லயே தெரியுமா உனக்கு? தெரிஞ்சுமா கப்பல் ஏறி வந்தே?"

"தெரிஞ்சதாலதான் வந்தேன்."

அவர் கிழக்கே கையை நீட்டினார். "அந்தோ, அந்த வெள்ளைப் பாறை தெரியுதுல்ல, அதுக்குக் கீழ தென்னைக் கூட்டம். குனோங் ராபாட்டும்பாங்க. பேரு நஸீரா. நல்ல பொம்பளை லா. உன்னைய ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அவள் அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தார். அவள் துப்பட்டியைத் தளர்த்திவிட்டு அந்தத் தென்னைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை பொண்ணா, பையனா?"

"பிள்ளை இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"போன தடவை ஊருக்கு வந்தீங்கல்ல. ராத்திரி பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதா எந்திரிச்சு உக்காருவீங்க. கையால பாயைத் தடவுவீங்க. முழிக்காமலே. பிள்ளை வளக்குறவங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும்."

"பொண்ணு. மைமூன்" என்றார் முத்து முகம்மது.

குல்ஜார் அந்தப் பெயரைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் ஒண்ணு வயித்துல தங்குச்சு. நாலு மாசத்துல போயிருச்சு. உம்மாதான் கூட இருந்தாங்க. நீங்க இங்க இருந்தீங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஆறு வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. இனி ஒளிவு மறைவு இல்லை, எல்லாருக்கும் தெரியவே ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. விட்டுப்போன வருஷங்களுக்கு ஈடாக அவளுக்கு இரண்டு நாள் சேர்த்து வேண்டுமென்றாலும் சரி. பெருநாள் காலை அவளுக்குத்தான், முதலில் கட்டியவள் அவள்தானே. கப்பல் ஏறுகிற பேச்சு மட்டும் வேண்டாம்.

அவள் முழுவதையும் கேட்டாள். "நான் கப்பல் ஏறப் போறதில்ல" என்றாள்.

முத்து முகம்மதுவுக்கு உயிர் வந்தது. அது நிலைக்கவில்லை.

"ஆனா உங்க நாள்ல என் பங்கு எனக்கு வேணாம். அதை அவளுக்கே விட்டுத் தரேன். பெருநாளும் அங்கயே இருந்துக்குங்க. அதுக்குப் பதிலா அந்தப் பிள்ளை எங்கிட்ட வரட்டும். ஒரு நாள் அங்க இருக்கட்டும், ஒரு நாள் இங்க இருக்கட்டும்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பங்கு போட வேண்டிய முதல் சரக்கு தான்தான் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தவர் அவர். தன்னைத்தான் இருவரும் கேட்பார்கள், தன்னைத்தான் அளந்து கொடுக்க வேண்டும் என்று தூக்கம் கெட்டுத் திரிந்தவர். அந்தப் பங்கை ஒருத்தி நீட்டிய கையோடு திருப்பிக் கொடுப்பாள் என்று அவர் எந்தக் கணக்கிலும் வைத்திருக்கவில்லை.

"அதெப்படிலா? பெத்தவ என்ன சொல்வா?"

"அவகிட்டத்தான் கேக்கணும்."

"சரி, நான் கேட்டுப் பாக்குறேன்."

"வேணாம் மச்சான். நீங்க கேட்டா அளந்து கேப்பீங்க. அவ முடியாதுன்னு சொல்லிருவா, அது நியாயமும்கூட. நான் போய் முந்தானைய ஏந்திக் கேக்குறேன். குடுத்தாலும் சரி, வாரத்துல ஒரு பொழுது பாக்க விட்டாலும் சரி. இன்னிக்கே போலாம்."

அவள் எழுந்துவிட்டாள். துப்பட்டியைச் சரி செய்துகொண்டு பாதைப் பக்கம் நடந்தாள். முத்து முகம்மது இருக்கையிலிருந்து எழாமலே கேட்டார்.

"அப்ப நான் எங்க இருக்குறது, குல்ஜாரு? உனக்கு நான் வேணாமா?"

அவள் நின்று திரும்பினாள். கோபம் இருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். அவள் முகத்தில் இருந்தது இரக்கம்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்களை வேணும் வேணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு கப்பலுக்கும் வாசலுக்கு வந்து நிப்பேன். அப்புறம் நீங்க இல்லாம இருக்கப் பழகிட்டேன் மச்சான். அதை மறுபடியும் எப்படி மறக்குறதுன்னு எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கினார். ஏறும்போது அவர் முன்னால் போனார், இப்போது அவள் ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வேகமாக நடந்தால் எட்டிப் பிடித்துவிடலாம். பிடித்து என்ன சொல்வது என்று தெரியாததால் அப்படியே பின்னால் வந்தார்.

அடிவாரத்தில் வண்டிக்காரனிடம் அவளே குனோங் ராபாட் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.