நூற்றைம்பத்து நாலு சதுர அடி

எங்கேயோ கணக்குத் தப்பியிருக்கிறது, இல்லையென்றால் நான் மட்டும் ஏன் நனையவில்லை என்று நினைத்தாள் இசக்கி. 1964 ஜூலையில், தாராவியில் அவர்கள் சந்தின் கோடியிலிருந்த காலி இடத்தில், ஏழடிக் கயிற்றைச் சுழற்றி ஆணியால் கீறிய வட்டத்தின் நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை இருபத்திரண்டால் பெருக்கி, ஏழால் வகுத்து, பரப்பளவு நூற்றைம்பத்து நாலு என்று வாய்விட்டுச் சொன்னதும் வட்டத்துக்குள் மழை நின்றது. வெளியே எப்போதும்போலப் பெய்தது. ஓடிவந்த தண்ணீர்கூடக் கோட்டோடு ஒதுங்கிப் போனது. அவள் மறுபடியும் பெருக்கிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அவளுடைய அம்மா முப்பிடாதியம்மாள் அப்பளம் இட்டு மாட்டுங்காக் கடைகளுக்குப் போடுகிறவள். மழைக்காலத்தில் அப்பளம் காயாது, அடுப்பும் ஒருவேளைதான் எரியும். ஏழாம் வகுப்போடு இசக்கியை நிறுத்தி அப்பளப் பலகையில் உட்காரவைப்பது என்று அந்த ஆனி மாதமே முடிவாகியிருந்தது. வட்டத்தைப் பார்த்ததும் முப்பிடாதியம்மாள் கோட்டருகே வந்தாள். கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். பிறகு கூடைகளைக் கொண்டுவந்து கவிழ்த்து, அவற்றின்மேல் அப்பளங்களைப் பரப்பினாள். சாயங்காலத்துக்குள் அவை காற்றில் காய்ந்திருந்தன.

"இதெல்லாமாளா பள்ளிக்கூடத்துல சொல்லித்தாராவ?" என்றாள். "சரி, எட்டாவதும் போ. ஆனா தெனம் காலையில நம்பரச் சொல்லிட்டுத்தான் போவணும்."

கணக்கு டீச்சர் ஷ்யாமளா மாட்டுங்காவிலிருந்து ஒரு நாள் பார்க்க வந்தார். வட்டத்துக்குள் வந்து குடையை மடக்கினார், நாலு பக்கமும் பார்த்தார். "சதுர அடின்னு நீ சொல்லலியே. அரை மார்க் போச்சு" என்று சொல்லிவிட்டு, கோட்டைத் தாண்டியதும் குடையை விரித்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து இசக்கி சதுர அடி என்று சேர்த்துச் சொன்னாள். மழை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மூன்று மழைக்காலங்கள் இப்படிப் போயின. ஆடி மாசத்தில் இவ்வளவு நன்னா எப்படிடி காயறது என்று மாட்டுங்கா அகிலாண்டம் மாமி கேட்டதற்கு, எம்மவ கணக்குப் போடுதா மாமி என்றாள் முப்பிடாதியம்மாள். மாமி தலையசைத்துவிட்டு இன்னொரு கட்டு எடுத்துக்கொண்டாள். இசக்கிக்கு அப்பளம் காய்வதைவிட, எண்ணைச் சொல்லி முடித்ததும் நடுவில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பிடித்திருந்தது. வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலை கிடையாது. மூலையே இல்லாத இந்த இடம் அவளுடையதாக இருந்தது. கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தாலும் நடு மாறுவதில்லை என்பது அவளுக்குப் பெரிய தைரியம்.

சாக்கடைக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சந்துப் பிள்ளைகளும் பார்த்துப் பார்த்து வட்டம் போட்டார்கள். பாடத்தைப் பாதியில் விட்டவர்கள் ஆனதால், பரப்பளவுக்குப் பதில் சுற்றளவைச் சொன்னார்கள். சுற்றளவைச் சொன்னால் கோடு மட்டும் நனையாது, உள்ளே கொட்டும். அங்கே அப்பளம் போடும் பேராச்சி கோட்டின்மேலேயே ஒற்றை வரிசையாகக் காயவைத்துப் பார்த்தாள். ஆரம் இரண்டடியாக இருந்தால் மட்டும் சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வரும். அதனால் இரண்டடி வட்டங்கள் முழுசாகக் காய்ந்தன. சூட்சுமம் கயிற்றில் இருக்கிறது என்று எதிர்ச்சந்து முடிவுசெய்தது. அந்தக் கயிற்றுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, சந்து முழுக்கச் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டார்கள். இரண்டு வட்டத்துக்கு நடுவே விட்ட இடத்தில் மழை விழுந்து தெறித்ததில் பாதி அப்பளம் பசையாகிப் போனது.

அறுபத்தேழு ஆடியில் பேராச்சியே சாக்கடைப் பலகையைத் தாண்டி வந்தாள்.

"ஏ மைனி, எங்க கயிறு சின்னதாப் போச்சு. எம்மவளுக்குப் பெரிய வட்டம் போடச் சொல்லித்தரச் சொல்லேன் ஒம்மவள."

"அதுக்கென்ன, நாளைக்கு அனுப்பு" என்றாள் முப்பிடாதியம்மாள். பேராச்சியின் தலை மறைந்ததும் மகளிடம் திரும்பினாள். "ஏளா, சுத்தளவ மட்டும் சொல்லிக்குடு. அது போதும்."

"அது தப்பும்மா."

"தப்பு அவளுக்குல்லா. அவ அப்பளமும் காஞ்சா நம்மளத எவன் எடுப்பான்? முழுசாச் சொன்னேன்னு வையி, மெட்ரிக்கு கிட்ரிக்குன்னு எங்கிட்ட வராத. பள்ளிக்கூடம் பந்த்."

அம்மா சொன்னால் செய்வாள். அவளுடைய பயமும் இசக்கிக்குத் தெரியாததல்ல, எரியாத அடுப்பை அவளும்தான் பார்த்து வளர்ந்தாள். அப்பளம் இட்டுக்கொண்டே, தப்பாகச் சொல்லித்தரும் தன்னை மனதுக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்தாள். பேராச்சியின் மகள் எண்ணைச் சொல்லிவிட்டு, மழை நின்றுவிடும் என்று அண்ணாந்து பார்ப்பாள். அந்த முகத்தைத் தாண்டி இசக்கியால் போக முடியவில்லை.

மறுநாள் எதிர்ச்சந்துத் திடலில், பேராச்சியின் மகள் பதினாலடிக் கயிற்றோடு காத்திருந்தாள். இருவரும் வட்டம் கீறினார்கள். முதலில் சுற்றளவு. எண்பத்தெட்டு அடி என்று அந்தப் பெண் சொன்னதும் கோடு மட்டும் வெளுத்துக் காய்ந்தது, அவர்கள் தலைமேல் மழை விடவில்லை.

"போதும்ளா. வா வீட்டுக்கு" என்று சாக்கடைப் பலகையில் நின்றபடி கூப்பிட்டாள் முப்பிடாதியம்மாள்.

இசக்கி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் முடியலம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் பக்கம் திரும்பி, "பதினாலப் பதினாலால பெருக்கு" என்றாள்.